ஆன் ஃபிராங்க்: எந்தப் படத்தில் தொடங்குவது?

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்து முடித்தவர்கள், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள், அடுத்ததாகக் கேட்பது இது படமாக வந்திருக்கிறதா என்றுதான். வந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் வரிசையாக வந்திருக்கிறது. 1959-இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம், 1995-இல் ஓர் ஆவணப்படம், 2001-இல் பென் கிங்ஸ்லி நடித்த அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம், 2009-இல் பிபிசியின் ஐந்து பாகத் தொடர், 2016-இல் ஒரு ஜெர்மன் படம், 2021-இல் ஓர் அனிமேஷன் படம், 2023-இல் எட்டு பாகத் தொடர் ஒன்று. விட்டுப்போனவை இன்னும் உண்டு. எல்லாவற்றையும் தேடிப் பார்க்கப்போகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் ஒன்று பார்ப்பார்கள், மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றோ இரண்டோ எதுவாக இருக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் 1959 படம்தான். எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள், மூன்று விருதுகள். நானும் அதை உயரத்தில்தான் வைக்கிறேன். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடக் கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

படிக்காதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன் 1929 ஜூன் 12-ஆம் தேதி ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவள். யூதக் குடும்பம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா ஓட்டோ அங்கே ஜாம் கெட்டிப்படப் போடும் பெக்டின் விற்கும் நிறுவனத்தை நடத்தினார். 1940-இல் நெதர்லாந்தும் ஜெர்மானியர் கைக்குப் போனது. 1942 ஜூலை 5-ஆம் தேதி ஆனின் அக்கா மார்கோவுக்கு, ஜெர்மனியில் கட்டாய வேலைக்கு வரச்சொல்லி ஆணை வந்தது. மறுநாளே குடும்பம் பிரின்சென்க்ராக்ட் 263-ஆம் எண் கட்டடத்தில், ஓட்டோவின் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பின்கட்டில் ஒளிந்துகொண்டது. ஒரு வாரத்தில் வான் பெல்ஸ் குடும்பத்து மூவர் வந்து சேர்ந்தார்கள். நவம்பரில் ஃபிரிட்ஸ் ஃபெஃபர் என்ற பல் மருத்துவர் வந்தார். எட்டுப் பேர், இரண்டு வருடத்துக்கு மேல். அலுவலக ஊழியர்கள் மீப் கீஸ், பெப் ஃபோஸ்கெய்ல், கிளைமன், கூக்ளர் ஆகியோர் உணவும் செய்தியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1944 ஆகஸ்ட் 4-ஆம் தேதி எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர் ஓட்டோ மட்டும். ஆனும் மார்கோவும் 1945-இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார்கள்.

இந்தக் கதையை யார் படமாக எடுத்தாலும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பேசுவது யாருடைய வார்த்தைகள்? எந்த இடத்தில் நிறுத்துவது? நாட்குறிப்பின் உரிமை, ஓட்டோ ஃபிராங்க் 1963-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கிய அறக்கட்டளையிடம் இருக்கிறது. அதனால் எல்லாப் படத்துக்கும் ஆனின் சொந்த வரிகள் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், நாட்குறிப்பு 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததை அவள் எழுதவில்லை, எழுத முடியவும் இல்லை. அங்கேயே நிறுத்தினால் கதை பாதி. தாண்டிப் போனால் அவள் குரல் இல்லாமல் போக வேண்டும். நடிப்பு, இயக்கம் எல்லாம் பிறகுதான். ஒவ்வொரு படத்தின் குணமும் இந்த இரண்டு முடிவிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

1959 படம்

இது நேராக நாட்குறிப்பிலிருந்து வந்ததல்ல. நடுவில் ஒரு நாடகம் இருக்கிறது. ஃபிரான்சஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹாக்கெட் என்ற கணவன் மனைவி எழுதி 1955 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய நாடகம் அது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. ஹாலிவுட்டில் நகைச்சுவைப் படங்களுக்கு எழுதிப் பழகிய ஜோடி அவர்கள். படத்தின் திரைக்கதையும் அவர்களுடையதே. ஓட்டோவாக நடித்த ஜோசப் ஷில்ட்கிராட், ஆனின் அம்மாவாக நடித்த குஸ்டி ஹூபர், வான் டானாக நடித்த லூ ஜாகோபி மூவரும் மேடையிலிருந்து அப்படியே படத்துக்கு வந்தார்கள். (நாட்குறிப்பில் வான் பெல்ஸ் குடும்பத்துக்கு ஆன் வைத்த பெயர் வான் டான், ஃபெஃபருக்கு டுசல். நாடகமும் படமும் அந்தப் பெயர்களையே வைத்துக்கொண்டன.) இதில் ஒரு கசப்பான விஷயம்: ஷில்ட்கிராட் வியன்னாவில் பிறந்த யூதர். ஹூபரும் ஆஸ்திரியாவைச் சேர்ந்தவர்தான், ஆனால் நாஜி ஆட்சிக் காலத்தில் அங்கே படங்களில் நடித்துக்கொண்டிருந்தவர். இருவரும் கணவன் மனைவியாக அந்த அறையில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மனசு கொஞ்சம் இடறும்.

ஆனால் இந்தப் படத்தை நாடகத்திலிருந்து தூக்கி நிறுத்துவது ஸ்டீவன்ஸ். லாரல்-ஹார்டி குறும்படங்களுக்குக் கேமரா பிடித்துத் தொடங்கியவர், போருக்கு முன்பு இலகுவான படங்களாக எடுத்தவர். போரில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கி ஐரோப்பாவுக்குப் போனார். 1945-இல் டாக்காவ் முகாம் விடுவிக்கப்பட்டபோது உள்ளே போய்ப் படம் பிடித்தது அவர் குழு. போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நூரெம்பர்க் விசாரணையில் முகாம்களைப் பற்றித் திரையிட்ட படத்துக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவர்தான். அதன்பின் அவர் நகைச்சுவைப் பக்கம் போகவில்லை. முகாம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்த ஒருவர், முகாமையே காட்டாமல் ஒரு மாடிக்குள் மூன்று மணி நேரம் நம்மை அடைத்துவைக்கிறார். இந்தப் படத்தின் பலமும் பிரச்சினையும் இதுதான்.

பலத்தை முதலில் சொல்கிறேன். ஸ்டூடியோ இதை சினிமாஸ்கோப்பில்தான் எடுக்க வேண்டும் என்றது. நெருக்கடியான அறைக்கதைக்கு அகலத் திரை! ஸ்டீவன்ஸுக்கு அதில் விருப்பமே இல்லை. அதற்கு அவர் கண்ட வழி, தூண்களையும் உத்தரங்களையும் கதவு நிலைகளையும் சட்டகத்தின் இரண்டு பக்கமும் நிறுத்திப் படத்தைக் குறுக்குவது. அடுக்கடுக்காக மாடிகள் கொண்ட செட் போட்டதால், மேலே மூச்சைப் பிடித்திருப்பவர்களையும் கீழே நடமாடுபவனையும் ஒரே சட்டகத்தில் காட்ட முடிந்தது. வில்லியம் மெல்லரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் கிடைத்த ஆஸ்கர்கள் சும்மா வந்தவை அல்ல.

இரவில் கீழே போலீஸ் தேடிக்கொண்டிருக்க, மேலே வான் டானின் மகன் பீட்டரின் பூனை ஒரு புனலில் தலையை விட்டுக்கொண்டு பாத்திரங்களுக்கு நடுவே மேடை விளிம்பை நோக்கித் தள்ளாடிப் போகும் காட்சி ஒன்று உண்டு. பின்னணி இசை கிடையாது, வசனம் கிடையாது. எட்டுப் பேர் பூனையைப் பார்க்கிறார்கள், நாம் எட்டுப் பேரையும் பார்க்கிறோம். பகல் முழுவதும் செருப்பைக் கழற்றி, குழாயைத் திறக்காமல், இருமலை விழுங்கி வாழ்வது எப்படி என்பதைப் புத்தகம்கூட இவ்வளவு உடம்பில் உறைக்கச் சொல்லவில்லை. தெருவில் போலீஸ் வண்டியின் ஊளைச் சத்தம் நெருங்கி வந்து தாண்டிப் போவது படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கடைசி முறை அது தாண்டிப் போகாது. வீட்டில் பார்ப்பதென்றால் ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். பாதி படம் நிசப்தத்தில்தான் நடக்கிறது.

வான் டானின் மனைவியாக வரும் ஷெல்லி வின்டர்ஸுக்கு சிறந்த துணை நடிகை ஆஸ்கர் கிடைத்தது. ஃபர் கோட்டை விற்கச் சொல்லும்போது அவர் உடைந்துபோகும் இடம், அற்பம் என்று நாம் நினைத்த ஒருத்தியை மனுஷியாக்கிவிடும். அந்த ஆஸ்கர் சிலையை அவர் 1975-இல் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கே கொடுத்துவிட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இனி குறைகள். பெரிய குறை, ஆனாக நடித்த மில்லி பெர்கின்ஸ். மாடலாக இருந்தவர், இதுதான் முதல் படம். அழகாக இருக்கிறார், கண்கள் பேசுகின்றன. ஆனால் புத்தகத்தில் இருக்கும் அந்த வாயாடி, அந்தக் கூர்மையான கேலிக்காரி, ‘நான் எழுத்தாளர் ஆகப்போகிறேன்’ என்று பிடிவாதமாக உட்கார்ந்து தன் பழைய பக்கங்களையே திருத்தி எழுதிய பெண் இதில் மெல்லியதாகத்தான் வருகிறாள். முதலில் இந்த வேடத்துக்கு ஆட்ரி ஹெப்பர்னைத்தான் கேட்டார்கள். அவரும் 1929-இல் பிறந்தவர், போர்க்காலத்தை நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் பகுதியில் கழித்தவர். தன்னால் அதைத் திரும்ப வாழ முடியாது என்று மறுத்துவிட்டார். அவருக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது என்பதால் மறுத்ததும் நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, நாடகத்துக்காகச் சேர்த்த சங்கதிகள். வான் டான் இரவில் எழுந்து எல்லோருக்கும் பொதுவான ரொட்டியைத் திருடிப் பிடிபடும் காட்சி படத்தின் உச்சங்களில் ஒன்று. அது நாட்குறிப்பில் இல்லை. உணவுக்காகச் சண்டைகள் நடந்தன, திருட்டு கற்பனை. உயிரோடு இல்லாத ஒரு மனிதரின் மேல் உலகம் முழுக்கப் பார்க்கும் படத்தில் திருட்டுப் பட்டம் கட்டியாயிற்று.

பல் மருத்துவருக்கு நடந்தது இன்னும் மோசம். நாட்குறிப்பிலேயே ஆன் அவரை நன்றாக எழுதவில்லை. ஒரே அறையை அவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது, எழுதும் மேசைக்காக இருவருக்கும் சண்டை. பதிமூன்று, பதினான்கு வயதுப் பெண்ணின் கோபம், அது அவள் உரிமை. நாடகம் ஒரு படி மேலே போய், யூதப் பண்டிகை என்றால் என்னவென்றே தெரியாத ஆளாக அவரை மாற்றியது. ஹனுக்கா சடங்கை யூதரல்லாத பார்வையாளர்களுக்கு விளக்க ஓர் அறியாதவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். உண்மையான ஃபெஃபர் சமயப் பற்றுள்ளவர், எபிரேயம் அறிந்தவர். அவருடைய துணைவி எதிர்ப்புத் தெரிவித்து நாடகாசிரியர்களுக்குக் கடிதமே எழுதினார். படத்தில் அந்த வேடத்தைப் பழைய மேடைக் கோமாளி எட் வின் செய்கிறார். அருமையாகச் செய்கிறார் என்பதுதான் சங்கடம். ஃபெஃபரை மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடி வருவார்.

முடிவுக்கு வருவோம். வண்டி வாசலில் நிற்கிறது, கதவு உடைபடுகிறது, படம் போருக்குப் பிந்திய ஓட்டோவிடம் திரும்புகிறது. இவ்வளவுக்குப் பிறகும் மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்கள் என்று நம்புவதாகச் சொல்லும் ஆனின் குரல் வானத்தின் மேல் ஒலிக்க, படம் முடிகிறது. ஸ்டீவன்ஸ் முதலில் ஆன் முகாமில் நிற்பது போன்ற ஒரு காட்சியோடுதான் முடித்திருந்தார். முன்னோட்டத் திரையிடலில் பார்த்தவர்களுக்கு அது பிடிக்காததால் வெட்டிவிட்டார்கள். டாக்காவைப் படம் பிடித்தவரின் கத்தரி, பார்வையாளர் கையில் போன இடம் அது.

ஆன் அந்த வரியை எழுதியது 1944 ஜூலை 15-ஆம் தேதி. ஆனால் அது கடைசி வரி அல்ல. அதே மூச்சில், உலகம் மெல்ல மெல்லப் பாழாவதைப் பார்ப்பதாகவும், தங்களையும் அழிக்கப்போகும் இடி முழக்கம் நெருங்குவது கேட்பதாகவும் எழுதுகிறாள். அதன்பிறகு மறுபடி நம்பிக்கைக்குத் திரும்புகிறாள். முன்னும் பின்னும் ஊசலாடும் ஒரு பத்தியிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கி, அதைச் சாவின் வாசலில் அவள் சொல்லிவிட்டுப் போன ஆசீர்வாதம்போல ஆக்கிவிட்டார்கள். அதைச் சொன்னவள் ஏழு எட்டு மாதத்தில் டைஃபஸ் பரவிய முகாமில் செத்துப்போனாள் என்பதைப் படம் பார்வையாளர் கண்ணில் படாமல் வைக்கிறது. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறுதலோடு எழுந்துவிடுகிறோம். இந்த ஆறுதல்தான் எனக்கு உறுத்துகிறது.

பிபிசியின் 2009 தொடர்

அரை மணி நேரம் வீதம் ஐந்து பாகம். டெபோரா மோகக் எழுதியது. இதில் நாட்குறிப்பின் வரிகளைப் பயன்படுத்த உரிமை கிடைத்திருந்தது, அது காதில் விழுந்த உடனே தெரிகிறது. எல்லி கெண்ட்ரிக்கின் ஆன் எரிச்சலூட்டுகிறாள். அதை நான் பாராட்டாகத்தான் சொல்கிறேன். வாயை மூட மாட்டாள், பெரியவர்களைத் திருத்துவாள், அம்மாவைக் காயப்படுத்துவாள், இரவில் அதற்காக வருந்தி எழுதுவாள். தன் உடம்பு மாறுவதைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுவாள். 1947-இல் முதல் பதிப்பு வந்தபோது ஓட்டோ மகளின் எழுத்திலிருந்து தவிர்த்த பகுதிகள் உண்டு. அம்மாவைப் பற்றிய கடுமையான வரிகளும் பாலியல் பற்றிய சில பகுதிகளும் அதில் அடக்கம். பின்னால் முழுப் பதிப்புகள் வந்தன. 1959 படத்தின் ஆன் அந்த முதல் பதிப்பின் பெண். பிபிசியின் ஆன் முழுப் பதிப்பின் பெண்.

இதில் இன்னொரு லாபம் அம்மா. மேடை நாடகத்தில் ஈடித் ஃபிராங்க் ஓரத்தில் நிற்பவர். இங்கே டாம்சின் கிரெய்க் அவரை, மகளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தே அவளோடு ஒரே மாடியில் அடைபட்டுக் கிடக்கும் பெண்ணாகக் காட்டுகிறார். வயதுக்கு வந்த பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு இது வேறு மாதிரி உறைக்கும். ஓட்டோவாக வரும் இயான் கிளென் அதிகம் பேசாமலே அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்கிறார். மார்கோவாக, பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஃபெலிசிட்டி ஜோன்ஸ்.

குறை என்றால், படமாக்கம் சாதாரணம். தொலைக்காட்சிக்கு எடுத்தது தெரிகிறது. 1959 படத்தில் வயிற்றைப் பிசைந்த அந்தப் பயம் இதில் அடிக்கடி வருவதில்லை. கைதோடு நிற்கிறது, முகாமுக்குள் போவதில்லை. ஆனாலும் கடைசியில் ஆறுதல் சொல்லி அனுப்புவதில்லை என்பதால் அது எனக்குக் குறையாகப் படவில்லை.

2001: பின்கட்டுக்கு வெளியே

ராபர்ட் டார்ன்ஹெல்ம் இயக்கி, ஏபிசி தொலைக்காட்சியில் இரண்டு பகுதிகளாக வந்தது. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். மெலிசா முல்லர் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. நாட்குறிப்பின் ஒரு வரியைக்கூடப் பயன்படுத்த உரிமை இல்லை. ஆனைப் பற்றிய படத்தில் ஆனின் எழுத்து இல்லை! கேட்டால் கைகால் கட்டிவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கட்டுப்பாடே இதை வேறு இடத்துக்குத் தள்ளியது. புத்தகம் தொடங்கும் முன்பிருந்தே இது தொடங்குகிறது: பள்ளி, தோழிகள், பிறகு சைக்கிள் கூடாது, சினிமா கூடாது, பூங்கா கூடாது, சட்டையில் மஞ்சள் நட்சத்திரம். புத்தகம் நின்ற இடத்திலும் இது நிற்பதில்லை. வெஸ்டர்போர்க், ஆஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன் முகாம்கள் என்று கடைசி வரை போகிறது.

நம்மவர்களுக்கு காந்தியாகத் தெரிந்த பென் கிங்ஸ்லிதான் இதில் ஓட்டோ. அடக்கமான, உள்ளே நொறுங்கிய நடிப்பு. ஆனாக வரும் ஹன்னா டெய்லர்-கார்டன் இந்த வரிசையிலேயே முகத்தளவில் ஆனுக்கு மிக நெருக்கமானவர் என்பேன். அந்த முகத்தில் முடியை மழித்த பிறகு பார்ப்பது சுலபமில்லை. இரண்டாம் பகுதியின் பின்பாதியைப் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாகப் போட்டுக் காட்டிவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விட முடியாது. கூட உட்கார வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. யார் காட்டிக்கொடுத்தது என்ற கேள்விக்கு இந்தப் படம் பதில் சொல்லிவிடுகிறது, கட்டடத்தைச் சுத்தம் செய்த பெண்ணின் பக்கம் கையைக் காட்டுகிறது. அதை நம்ப வேண்டாம். 1948-லும் 1963-லும் டச்சு போலீஸ் விசாரித்தும் யாரையும் நிரூபிக்க முடியவில்லை. 2016-இல் ஆன் ஃபிராங்க் இல்லமே வெளியிட்ட ஆய்வு, ரேஷன் கூப்பன் மோசடி போன்ற வேறு காரணத்துக்காக வந்த சோதனையில் தற்செயலாகவும் பிடிபட்டிருக்கலாம் என்றது. 2022-இல் ஒரு புத்தகம் ஒரு யூத நோட்டரியைக் குற்றம் சாட்டியது. வரலாற்றாசிரியர்கள் கிழித்துப்போட்டார்கள், டச்சுப் பதிப்பாளர் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார். இவ்வளவு நடந்த பிறகு ஒரு துப்புரவுப் பணியாளர் பெயரைக் கெடுக்கும் காட்சி பழைய ரொட்டித் திருட்டையே ஞாபகப்படுத்துகிறது.

1995 ஆவணப்படம்

ஜான் பிளேர் எடுத்தது. கென்னத் பிரானா விவரணை, க்ளென் க்ளோஸ் நாட்குறிப்பை வாசிக்கிறார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆஸ்கர் வாங்கியது. விருது வாங்கும்போது பிளேர், ஆனின் தாள்களைத் தரையிலிருந்து பொறுக்கிப் பத்திரப்படுத்திய மீப் கீஸையும் மேடைக்கு அழைத்துப் போனார். மீப் தன் நூறு வயது வரை இருந்தவர், 2010 ஜனவரியில்தான் காலமானார். மேசை இழுப்பறையில் வைத்திருந்த அந்தத் தாள்களை அவர் படித்துப் பார்க்கவே இல்லை. படித்திருந்தால் அதில் இருந்த பெயர்களுக்காக எரித்திருப்பேன் என்று பின்னால் சொல்லியிருக்கிறார்.

1959 படம் விட்ட இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. ஆனின் பள்ளித் தோழி ஹன்னா கோஸ்லர், பெர்கன்-பெல்சனில் முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, இருட்டில் ஆனின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, வேலிக்கு மேலே ஒரு சின்னப் பொட்டலத்தை எறிந்ததைச் சொல்கிறார். அதை வேறொரு பெண் பறித்துக்கொண்டு ஓடிவிட, ஆன் அழுதாள். அடுத்த முறை எறிந்தது அவள் கையில் கிடைத்தது. இதை எந்த நடிகை நடித்தாலும் ஹன்னாவின் குரல் நடுங்காமல் சொல்வதற்கு ஈடாகாது. முகாமில் ஆனின் கடைசி நாட்களைப் பார்த்த யானி பிரில்லெஸ்லைபரும் இதில் பேசுகிறார்.

ஃபெஃபரும் இங்கேதான் திரும்பி வருகிறார். அவருடைய மகனை 1938-இல் குழந்தைகளை ஏற்றிய ரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். பிழைத்துப் பெரியவனான அந்த மகன், முதியவராக, தன் அப்பாவுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்த மீப்பை முதல்முறையாகச் சந்திக்கும் காட்சி இந்தப் படத்தில் இருக்கிறது. எட் வின்னின் கோமாளிக்குச் சிரித்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்புறம், ஆன் அசைந்து தெரியும் ஒரே படச்சுருளும் இதில் வருகிறது: 1941 ஜூலையில் பக்கத்து வீட்டுக் கல்யாணப் பெண்ணை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், சில நொடிகள்.

பேசுபவர்கள் முதியவர்கள், வேகம் நிதானம். பொறுமை இல்லாத பிள்ளைகளுக்கு இதையே முதலில் காட்டினால் பாதியில் எழுந்துவிடுவார்கள்.

மற்றவை

1980-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, மெலிசா கில்பர்ட் ஆன். அதே பழைய நாடகம். 1959 படம் பார்த்தவர்களுக்குத் தேவையில்லை. 2016 ஜெர்மன் படம் கண்ணியமாக எடுக்கப்பட்டது, லேயா ஃபான் ஆக்கனின் ஆன் துணிச்சலானவள். இந்தக் கதையை ஜெர்மன் மொழியில் கேட்பதற்கு ஓர் எடை உண்டு. நெட்ஃப்ளிக்ஸில் வந்த டச்சுப் படம் ஹன்னா கோஸ்லரின் பார்வையில் போகிறது. ஆவணப்படத்தில் அவரே சொல்வதைக் கேட்ட பிறகு எனக்கு அது ஒட்டவில்லை. ஆரி ஃபோல்மனின் 2021 அனிமேஷன், ஆன் தன் நாட்குறிப்பில் கற்பனையாகக் கடிதம் எழுதிய ‘கிட்டி’ இன்றைய ஆம்ஸ்டர்டாமில் உயிர்பெற்று வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறது. அகதிகளைப் பற்றிப் பேசுகிறது. நல்ல யோசனை, நடுநடுவே பாடம் எடுக்கிறது. புத்தகம் தெரியாமல் இதில் தொடங்கினால் தலையும் புரியாது வாலும் புரியாது.

சரி, எதைப் பார்ப்பது?

நாட்குறிப்பைப் படித்த, பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு: பிபிசி 2009. சந்தேகமே இல்லை. ஐந்து மாலை, தினம் அரை மணி நேரம். தங்கள் வயதுப் பெண் ஒருத்தியை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். உடம்பைப் பற்றிய பேச்சு வரும்போது பெரியவர்கள் ரிமோட்டைத் தேடாமல் இருந்தால் போதும்.

படிக்காதவர் என்றால் முதலில் புத்தகம். தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் அப்போதும் பிபிசிதான், ஏனென்றால் அதில் மட்டும்தான் எழுத்தாளராகப் போகிற அந்தப் பெண்ணின் குரல் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது.

சினிமா பார்க்கத் தெரிந்த பெரியவர்களுக்கு 1959 படமும் 1995 ஆவணப்படமும், இரண்டும் சேர்த்து, அதே வரிசையில். சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு ஒன்று. 1959 படத்தில் நீளமான பிரதியைத் தேடுங்கள். வெளியான பிறகு வெட்டிக் குறுக்கிய பிரதியும் சுற்றுகிறது. மூன்று மணி நேரமும் நடுவில் ஓர் இடைவேளையும் நமக்கென்ன புதுசா? வரிசையை மாற்றி ஆவணப்படத்தை முதலில் பார்த்தால், ரொட்டித் திருட்டும் டுசலின் அசட்டுத்தனமும் கண்ணில் குத்தி, நல்ல படத்தை ரசிக்க விடாது.

பள்ளியில் காட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கு மூன்று மணி நேரம் கிடைக்காது. பூனைக் காட்சியையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் போடுங்கள். விளக்கைப் போட்டதும் 1944 ஜூலை 15-ஆம் தேதிப் பதிவை முழுவதுமாக ஒரு மாணவியை வாசிக்கச் சொல்லுங்கள். படம் எங்கே வெட்டியது என்று வகுப்பே சொல்லிவிடும்.

2001 படத்தை நான் தொடக்கத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். முகாமில் என்ன நடந்தது என்று ஒரு பிள்ளை தானாகவே கேட்கும் நாள் வரும். அன்றைக்கு அதை எடுங்கள், முதல் பகுதி ஒரு நாள், இரண்டாவது இன்னொரு நாள், இரவு படுக்கும் முன் வேண்டாம்.

இதெல்லாம் முடித்த பிறகும் ‘அந்த நாலு பேர் ஏன் உதவினார்கள்?’ என்று கேட்பவர்களுக்குத்தான் 2023 தொடர். மீப் கீஸைச் சுற்றியது, பெல் பவ்லி மீப்பாகவும் லீவ் ஷ்ரைபர் ஓட்டோவாகவும் நடித்தது. பேச்சு இன்றைய பாணியில் இருப்பது முதலில் உறுத்தும், இரண்டாம் பாகத்தில் பழகிவிடும். உணவுக் கூப்பனுக்கு எங்கே போவது, ஒரே கடையில் எட்டுப் பேருக்குக் காய்கறி வாங்கினால் சந்தேகம் வராதா, கணவனிடம் எதைச் சொல்வது எதை மறைப்பது என்ற அன்றாடக் கவலைகள் வேறு எந்தப் படத்திலும் இவ்வளவு இல்லை. எட்டு பாகம் என்பதால் அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.